பார்த்தவர், இறக்கியவர், படித்தவர்: ஆய்வுக் கட்டுரைப் பக்கத்து எண்கள் எதைச் சொல்கின்றன?

கடலூர்க் கல்லூரி ஒன்றின் உதவிப் பேராசிரியர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. கடலோர நிலத்தடி நீர் உப்பாவது பற்றி இரண்டாண்டுகளுக்கு முன் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் இணையப் பக்கம் 'பார்வைகள் 3,412, பதிவிறக்கங்கள் 268' என்று காட்டுகிறது. பக்கத்திலேயே பல வண்ண வளையம் ஒன்றின் நடுவே 14 என்று இருக்கிறது. ஆனால் மேற்கோள்கள், அதாவது பிற ஆய்வாளர்கள் தம் எழுத்தில் இதைச் சுட்டியவை, கூகுள் ஸ்காலர் என்ற ஆய்வுத் தேடுபொறியில் 6, ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தில் 2 மட்டுமே. இவற்றில் எதை நம்புவது, பணி உயர்வு விண்ணப்பத்தில் எதைக் காட்டுவது, எண்ணை உயர்த்த நேர்மையான வழி உண்டா என்பன அவர் கேள்விகள். புதுச்சேரியில் கல்லூரி நூலகராகப் பல ஆண்டுகளாக இருப்பவன் என்பதால், இதே கேள்வியோடு என் மேசைக்கு வந்து நிற்கும் ஆசிரியர்களுக்குச் சொல்வதையே சற்று விரித்து எழுதுகிறேன்.

உங்கள் ஐந்து எண்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால் எத்தனை பேர் படித்தார்கள் என்ற கேள்விக்கு அவற்றில் ஒன்றுகூட விடையும் இல்லை. யாரோ ஒருவர் ஏதோ ஒரு செயலைச் செய்திருக்கிறார், அந்தச் செயல் ஒரு கணினியில் பதிந்திருக்கிறது, அந்தப் பதிவை ஒரு விதிப்படி எண்ணியிருக்கிறார்கள், அவ்வளவே. ஆகவே எந்த எண்ணைப் பார்த்தாலும் என்ன செயல், யார் செய்தது, எந்த விதிப்படி எண்ணினார்கள் என்ற மூன்றையும் கேட்க வேண்டும்.

நூலகத்தில் இந்தச் சிக்கல் இணையத்துக்கு முன்பே உண்டு. வீட்டுக்கு எடுத்துச் செல்லும் நூலின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தாளில் தேதி முத்திரை விழும், அதை எண்ணிவிடலாம். உள்ளேயே உட்கார்ந்து புரட்டிய நூலை எப்படி எண்ணுவது? அதற்காகத்தான் 'படித்த நூலை அலமாரியில் வைக்க வேண்டாம், மேசையிலேயே விடவும்' என்று எழுதி வைத்திருப்போம். மாலையில் மேசைமேல் கிடக்கும் நூல்களை உதவியாளர் எண்ணிக் குறித்துக்கொண்டு அடுக்குவார். மின்விசிறிக் காற்றில் வரைபட நூலைத் தலைக்கு வைத்துத் தூங்கிப் போனவரும் அந்தக் கணக்கில் ஒரு பயன்பாடுதான். நின்றபடியே பத்து நிமிடம் படித்துவிட்டு, நல்ல பழக்கத்தால் எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தவர் கணக்கில் இல்லை. சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடத்தைத் தாண்டினால் வரும் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், நூலகப் பணிகளைப் புள்ளியியல் கொண்டு அளக்கும் துறைக்கு 'லைப்ராமெட்ரி' என்று பெயரிட்டு 1948-இல் இங்கிலாந்தில் நடந்த மாநாட்டில் முன்வைத்தார். நீங்கள் இன்று பார்க்கும் எண்களுக்கும் அந்த மேசைக் கணக்குக்கும் அடிப்படையில் பெரிய வேறுபாடு இல்லை.

முதலில் 3,412 பார்வைகளை எடுத்துக்கொள்வோம். பெரிய பதிப்பகங்கள் பலவும் தங்கள் பயன்பாட்டுக் கணக்கை 'கவுன்ட்டர்' என்ற பன்னாட்டு அமைப்பின் நடைமுறை விதிகளின்படி தயாரிக்கின்றன. அதன் ஐந்தாம் பதிப்பு 2019 முதல் நடைமுறைக்கு வந்தது. கட்டுரையின் தலைப்பு, சுருக்கம், படம், முழு உரை என்று எதைத் தொட்டாலும் அது ஒரு 'விசாரணை'. முழு உரையையே திறந்தால் அல்லது இறக்கினால் மட்டும் அது 'கோரிக்கை'. ஒருவர் ஒரே இணைப்பை முப்பது நொடிக்குள் இருமுறை அழுத்தினால் ஒன்றாகவே கொள்ள வேண்டும். தேடுபொறிகளின் தானியங்கி நிரல்கள் வந்து போவதைக் கழித்துவிட வேண்டும். உங்கள் பக்கத்தில் 'பார்வை' என்று பொதுவாகப் போட்டிருப்பது இவற்றில் எது என்பதை இதழின் உதவிப் பக்கத்தில் தேடிப் பாருங்கள். சுருக்கத்தைப் பார்த்துத் திரும்பியவர்களையும் சேர்த்து 3,412 என்றால் அதற்குப் பொருள் வேறு, முழு உரையைத் திறந்தவர்கள் மட்டும் 3,412 என்றால் பொருள் வேறு. எல்லா இதழ்களும் கவுன்ட்டர் விதியைக் கைக்கொள்வதில்லை. சிறிய இதழ்களின் பக்கங்களில் நிரல்களின் வருகையும் சேர்ந்தே ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னும் நுணுக்கமான ஒன்று, 'தனித்த' பயன்பாடு என்ற கணக்கு. இணையதளத்தில் உள்நுழையாத ஒருவரை அடையாளம் காண வேறு வழி இல்லாதபோது, அவருடைய ஐ.பி. முகவரி, உலாவியின் அடையாளம், தேதி, மணி ஆகிய நான்கையும் சேர்த்து ஒரு 'அமர்வு' என்று கொள்ளலாம் என்பது விதி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் கல்லூரிக் கணினி ஆய்வகத்தை எண்ணிப் பாருங்கள். ஒரே நாளில் வாங்கிய இருபது கணினிகள், இருபதிலும் ஒரே உலாவி, வெளியே போவதற்கு ஒரே ஐ.பி. முகவரி. காலை பத்தேகாலுக்கு நீங்கள் முதுகலை மாணவர்களிடம் 'என் கட்டுரையைத் திறந்து மூன்றாவது படத்தைப் பாருங்கள்' என்று சொல்லி, இருபது பேரும் திறந்து, நீங்கள் முக்கால் மணி நேரம் வரிவரியாக விளக்கினாலும், அந்தக் கணக்கில் அது ஒன்றே ஒன்றாக விழ வாய்ப்பு உண்டு. அதே நாளில் உங்கள் நண்பர் ஒருவர் கடலூர்ப் பேருந்து நிலையத்தில் புதுச்சேரி வண்டிக்காகக் காத்திருக்கையில் 9.50-க்குக் கைப்பேசியில் சுருக்கத்தைத் திறந்து, வண்டி வந்ததும் மூடி, இடம் பிடித்து உட்கார்ந்த பின் 10.10-க்கு மீண்டும் திறந்து, நடத்துநர் வந்ததும் மூடிவிட்டால், மணி மாறிவிட்டதால் அவர் இரண்டு தனித்த விசாரணைகள். இருபது பேர் கூர்ந்து படித்தது ஒன்று. ஒருவர் இரண்டு வரி பார்த்தது இரண்டு. விதியைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான கட்டுரைகளை ஒரே அளவுகோலால் ஒப்பிட்டு நூலகங்கள் சந்தாவை முடிவு செய்வதற்கு அந்த விதி போதுமானது. தனி ஒரு கட்டுரைக்கு வாசகர் எத்தனை என்று கேட்டால் அதனால் சொல்ல முடியாது.

பதிவிறக்கமும் இணையதளத்தின் வடிவமைப்பைப் பொறுத்தது. சில தளங்களில் முழு உரை இணையப் பக்கமாகத் திறந்த பிறகே பிடிஎஃப் கோப்புக்குப் போக முடியும். அங்கே ஒரே வாசகர் இரண்டு முறை பதிவாகிறார். இத்தகைய வடிவமைப்பே எண்ணிக்கையை ஊதிவிடுகிறது என்று 2006-இலேயே ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். தனித்த கணக்கு என்ற ஏற்பாடு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதோடு, உங்கள் கட்டுரையின் வேறு பிரதி ரிசர்ச்கேட் என்ற ஆய்வாளர் வலைத்தளத்திலோ பல்கலைக்கழகக் களஞ்சியத்திலோ இருந்தால் அங்கே நடப்பது இதழின் 268-இல் சேராது. ரிசர்ச்கேட் காட்டும் 'ரீட்ஸ்' என்ற எண்ணைப் பார்த்து மகிழும் முன், சுருக்கத்தைப் பார்ப்பதும் ஒரு படத்தை அழுத்துவதும்கூட அங்கே ஒரு 'வாசிப்பு' என்பதை நினைவில் வையுங்கள். பெயர் வைத்தவருடைய தாராள மனம் அது. கட்டணக் கட்டுரைகளை அனுமதியின்றி இலவசமாகத் தரும் சை-ஹப் தளம் வழியாக எடுத்தவர்கள் எந்தப் பதிப்பகத்தின் கணக்கிலும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் கோப்பாகவே சுற்றியதும், ஒருவர் இறக்கிய கோப்பை ஜெராக்ஸ் கடையில் பதினைந்து பிரதி எடுத்துப் பங்கிட்டுக் கொண்டதும் அப்படித்தான்.

எண்ணைத் தாமே ஏற்றிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். இதழில் வருமுன்பே கட்டுரைகளை ஏற்றும் எஸ்.எஸ்.ஆர்.என். என்ற முன்வெளியீட்டுத் தளத்தில் கட்டுரையாளர்கள் தங்கள் தாள்களைத் தாங்களே திரும்பத் திரும்ப இறக்கியதை ஹார்வர்டைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து, உடன் பணிபுரிவோரின் எண்கள் நன்றாக இருக்கும்போது இந்தப் பழக்கம் கூடுகிறது என்று கண்டார்கள். பக்கத்து மேசைக்காரர் என்ன வாங்கினார் என்று எட்டிப் பார்ப்பது தேர்வறையோடு முடிவதில்லை போலும்.

இனி அந்த வண்ண வளையம். கட்டுரைகள் பற்றி இணையத்தில் எழும் பேச்சையும் அளக்க வேண்டும் என்று ஜேசன் பிரீம் முதலிய நால்வர் 2010 அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 'ஆல்ட்மெட்ரிக்ஸ்' என்ற சொல் அங்கிருந்து பரவியது. அதற்கு முன்பே, 2009-இல், பிளாஸ் இதழ்கள் தம் ஒவ்வொரு கட்டுரைக்கும் தனித்தனியாகப் பயன்பாட்டு எண்களைக் காட்டத் தொடங்கியிருந்தன. அதுவரை இதழுக்கு ஒரு தாக்கக் காரணி (அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெறுகின்றன என்ற எண்), அதில் வந்த எல்லாக் கட்டுரைக்கும் அதே பெருமை என்றிருந்த நிலைக்கு அது ஒரு நல்ல மாற்றம். நீங்கள் பார்க்கும் வளையம் 2011-இல் யூவன் ஏடி தொடங்கிய ஆல்ட்மெட்ரிக் நிறுவனத்துடையது. அதன் நடுவில் உள்ளது தலை எண்ணிக்கை கிடையாது, எடையிட்ட மதிப்பெண். செய்தித் தளம் ஒன்று குறிப்பிட்டால் அடிப்படை மதிப்பு 8, வலைப்பூவுக்கு 5, விக்கிப்பீடியாவில் எத்தனை பக்கங்களில் வந்தாலும் மொத்தம் 3, முகநூல் பொதுப் பக்கப் பதிவுக்குக் கால். ஆகவே உங்கள் 14 என்பது ஒரு செய்தி, ஒரு வலைப்பூ, நான்கு முகநூல் பதிவுகளாக இருக்கலாம். பதினான்கு பேர் என்று அதைப் படிக்கக் கூடாது. வளையத்தில் சிவப்பு செய்தியையும் மஞ்சள் வலைப்பூவையும் குறிக்கும். அதைச் சொடுக்கினால் எந்தச் செய்தி, எந்தப் பதிவு என்று ஒவ்வொன்றாகக் காட்டும். என்னிடம் வரும் ஆசிரியர்களில் பெரும்பாலோர் அதைச் சொடுக்கிப் பார்த்ததே இல்லை என்பதுதான் எனக்கு வியப்பு. பணம் கட்டாமல் பார்க்கக் கூடியதில் மிகப் பயனுள்ள பகுதி அதுதான். நடுவில் உள்ள எண்ணை நான் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

ஆய்வுக் கட்டுரைகளைச் சேமித்து ஒழுங்குபடுத்த உதவும் மெண்டலி செயலியில் உங்கள் கட்டுரையைச் சேமித்தவர்களின் எண்ணிக்கையையும் அதே பக்கம் காட்டும். ஆனால் அது அந்த 14-இல் சேராது. என் அனுபவத்தில் அது மற்றவற்றைவிடக் கொஞ்சம் நம்பத் தகுந்தது, ஏனெனில் சேமித்தவர் பெரும்பாலும் ஆய்வு மாணவராகவோ ஆசிரியராகவோ இருப்பார், எழுதப் போகும் கட்டுரைக்காக எடுத்து வைத்திருப்பார். மேற்கோளோடு ஓரளவு ஒத்துப்போவதும் அதுதான். ட்விட்டர் பதிவுகளுக்கும் மேற்கோளுக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் வலுவற்றது. எடுத்து வைத்ததெல்லாம் படித்ததாகாது என்பதை மட்டும், வீட்டு அலமாரியைப் பார்க்கும் எவருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வளையத்தின் கண் எங்கே தெரியும், எங்கே தெரியாது என்பதும் நம்மைப் போன்றோருக்கு முக்கியம். கட்டுரையின் டி.ஓ.ஐ. எண்ணோ (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிலையான இணைய அடையாளம்) அதற்கு நிகரான இணைப்போ இருந்தால்தான் பேச்சு பதிவாகும். இணைப்பு இல்லாமல் பெயரை மட்டும் வைத்துச் செய்திகளில் கண்டுபிடிக்கும் நிரல் ஆங்கிலத்துக்கே பெரிதும் உதவும். உங்கள் கட்டுரையைப் பற்றித் தமிழ் நாளிதழின் கடலூர்ப் பதிப்பு அரைப் பக்கம் எழுதி, கிள்ளையிலும் புதுச்சத்திரத்திலும் தேநீர்க் கடைகளில் அதைப் படித்திருந்தாலும் வளையம் அசையாது. தரவு வரும் வாய்க்கால்களும் நிலையானவை அல்ல: டி.ஓ.ஐ. எண்களைப் பதிவு செய்யும் க்ராஸ்ரெஃப் அமைப்பு, கட்டுரைகள் பற்றிய இணையப் பேச்சைத் தொகுத்த தன் நிகழ்வுத் தரவிலிருந்து ட்விட்டர் பகுதியை 2023-இல் எடுத்துவிட்டது. ஓர் ஆண்டின் எண்ணை மற்றோர் ஆண்டின் எண்ணோடு ஒப்பிடுமுன் இதை நினைக்க வேண்டும்.

பொதுமக்களிடையே பேசப்படுவதால் அறிவியலுக்குள் ஏதாவது நடக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு எனக்குத் தெரிந்த மிக அழகான சான்று இணையத்துக்கு முந்தையது. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த கட்டுரைகளில் நியூயார்க் டைம்ஸ் செய்தியாக்கியவை அடுத்த ஓராண்டில் ஏறத்தாழ 73 விழுக்காடு கூடுதலாக மேற்கோள் காட்டப்பட்டன என்று 1991-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. நல்ல கட்டுரையைத்தானே நாளிதழ் தேர்ந்தெடுத்திருக்கும், மேற்கோள் கூடியது அதனால்தானே என்ற ஐயம் உடனே எழும். 1978-இல் அந்த நாளிதழில் பன்னிரண்டு வாரங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் நடந்தது. செய்தியாளர்கள் வழக்கம்போல் தேர்ந்து எழுதிய பதிப்பு ஆவணத்துக்காகத் தயாரிக்கப்பட்டதே தவிர மக்களுக்கு விற்பனைக்கு வரவில்லை. அந்த வாரங்களில் தேர்வான கட்டுரைகளுக்கு மேற்கோள் கூடவே இல்லை. ஆக, தேர்வு மட்டும் காரணமாக இருக்க முடியாது. நாளிதழில் வெளியானதற்கும் அதில் பங்கு இருந்திருக்க வேண்டும். கவனம் வெறும் நுரை என்று ஒதுக்குபவர்களிடம் இதைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

மறுபக்கமும் உண்டு. 2010 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழ், பாஸ்பரசுக்குப் பதில் ஆர்செனிக்கைக் கொண்டு வளரும் நுண்ணுயிர் என்ற கட்டுரையை வெளியிட்டபோது உலகெங்கும் எழுந்த பேச்சில் மறுப்பும் நிறைய இருந்தது. அந்தக் கட்டுரையை இதழ் 2025-இல் திரும்பப் பெற்றது. பாராட்டும் வசையும் ஒரே எடையில் சேரும் அளவுகோல்தான் நம்மிடம் இருப்பது.

மேற்கோளும் இந்தக் குறையிலிருந்து தப்பவில்லை என்பதற்கு உங்கள் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் கதிரேசனும் ராஜேந்திரனும், அந்தக் கடற்கரையின் 18 குப்பங்களை ஆராய்ந்து, அலையாத்திக் காடு இருந்த இடங்களில் உயிரிழப்பு குறைந்தது என்று 2005-இல் எழுதினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் டேனியல்சனும் உடன் ஆய்வாளர்களும் 'சயின்ஸ்' இதழில் கடலூர் மாவட்டத்தையே எடுத்துக்கொண்டு, அலையாத்தியும் சவுக்குத் தோப்பும் காத்தன என்று காட்டினார்கள். மறு ஆண்டே கெர், பெயர்டு, காம்ப்பெல் மூவரும் கதிரேசன் கட்டுரையின் தரவையே திரும்பக் கணக்கிட்டு, ஊரின் தரை உயரமும் கடலிலிருந்து உள்ள தொலைவுமே உயிரிழப்பை விளக்கப் போதும், காட்டின் பங்கு மிகச் சொற்பம் என்று வாதிட்டார்கள். 2005-இல் வந்த அந்த இரு கட்டுரைகளையும் எத்தனையோ பேர் மேற்கோள் காட்டுகிறார்கள். அவற்றில் ஏற்றுக்கொண்டவை எத்தனை, மறுத்தவை எத்தனை, முன்னுரையில் ஒப்புக்கு ஒட்டியவை எத்தனை என்று மொத்த எண் சொல்லாது. மேற்கோள் காட்டிய கட்டுரைகளைத் திறந்து அந்த வாக்கியத்தைப் படித்தால்தான் தெரியும். அது மட்டுமில்லை. 2005-இல் ஆல்ட்மெட்ரிக்கும் இல்லை, இன்றுபோல் சமூக ஊடகமும் இல்லை. அவை வெளிவந்த நாட்களில் கிள்ளை முதல் ஜெனீவா வரை அவற்றைப் பற்றி நடந்த பேச்சில் பெரும்பகுதி எந்த வளையத்திலும் இல்லை. பழைய கட்டுரையின் வளையத்தையும் புதிய கட்டுரையின் வளையத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

உங்கள் 6-க்கும் 2-க்கும் உள்ள வேறுபாடு எளிது. ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்த வெளியீடுகளை மட்டும் பார்க்கிறது. கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, முன்வெளியீடு, கருத்தரங்கத் தொகுப்பு என்று கிடைத்ததையெல்லாம் பார்க்கிறது, சில சமயம் ஒரே தாளை இரண்டாகவும் எண்ணிவிடுகிறது. ஆறையும் ஒருமுறை திறந்து சரிபாருங்கள்.

விண்ணப்பத்துக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளில் ஆய்வுக் கட்டுரைக்கான மதிப்பெண் இதழின் தகுதியையும் தாக்கக் காரணியையும் ஒட்டியே வருகிறது. பார்வைக்கும் வளையத்துக்கும் அங்கே இடமில்லை. இதழின் தாக்கக் காரணியைக் கொண்டு தனி மனிதரை மதிப்பிடாதீர்கள் என்று சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2013-இல் வெளிவந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் நிலை இதுதான் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் விண்ணப்பப் படிவம் என் வருத்தத்தைக் கேட்டு மாறாது. மதிப்பெண் அட்டவணைக்கு வெளியே, ஆய்வின் பயனை விவரிக்க இடம் தந்திருந்தால், 'பார்வைகள் 3,412' என்று எழுதாதீர்கள். முன்பொருமுறை ஒரு தேர்வுக் குழுவில் நூலகர் என்ற முறையில் அமர்ந்திருந்தபோது, ஒருவர் தம் கட்டுரையின் பார்வை எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார். உறுப்பினர் ஒருவர் 'இதில் உங்கள் பார்வை எத்தனை?' என்று கேட்டுவிட, பாவம், அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். அதற்குப் பதில் வளையத்தைச் சொடுக்கிக் கிடைக்கும் செய்தியின் பெயரையும் தேதியையும், மேற்கோள் காட்டிய இரண்டு கட்டுரைகள் உங்கள் அளவீட்டை எதற்குப் பயன்படுத்தின என்பதையும் இரண்டு வாக்கியத்தில் எழுதுங்கள். நிலத்தடி நீர்த் துறைப் பொறியாளர் யாராவது உங்கள் வரைபடத்தைக் கேட்டு வாங்கியிருந்தால் அந்தக் கடிதத்தை இணையுங்கள்; எந்தக் கணினியும் எண்ணாத சான்று அது.

எண்ணை உயர்த்துவதற்கு நேர்மையான வழி என்றால், தடயம் பதியும்படி நடந்துகொள்வதுதான். கோப்பை அனுப்புவதற்குப் பதில் டி.ஓ.ஐ. இணைப்பை அனுப்புங்கள், கட்டணச் சுவர் தடுக்கிறது என்றால், இதழின் பதிப்புரிமை விதியைப் படித்துவிட்டு, ஏற்கப்பட்ட கைப்பிரதியை ஒரு திறந்த களஞ்சியத்தில் போட்டு அந்த இணைப்பைத் தாருங்கள். பதிப்பகம் அச்சிட்ட பிடிஎஃப் கோப்பை அப்படியே பொதுவில் ஏற்றப் பெரும்பாலும் அனுமதி இருக்காது. ஆர்க்கிட் எண் (ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தரப்படும் தனி அடையாள எண்) வாங்கி எல்லாக் கட்டுரையையும் அதன்கீழ் சேருங்கள். பெயரின் முன்னெழுத்தை ஒவ்வோர் இதழிலும் ஒவ்வொரு விதமாக எழுதும் நம்மவர்களுக்கு மேற்கோள் சிதறாமல் இருக்க இது மிகவும் உதவும். கிணற்று நீர் உப்பாவது பற்றிய உங்கள் முடிவை ஒரு பக்கத் தமிழில் எழுதி, அடியில் இணைப்பையும் கொடுத்து, ஊராட்சி வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்புங்கள். அங்கே படிக்கப் போகிறவர்களில் பத்தில் ஒருவர்கூட இணைப்பை அழுத்த மாட்டார். அதனால் என்ன, உப்புத் தண்ணீர் அவர்கள் கிணற்றில்தானே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. இதழின் அலுவலகத்துக்கு எழுதி, மாதவாரியாகவும் நாடுவாரியாகவும் பயன்பாட்டுக் கணக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். சில பதிப்பகங்கள் கட்டுரையாளர் கேட்டால் தருகின்றன. வந்த பட்டியலில் ஏதாவது ஒரு மாதம் எண்ணிக்கை திடீரென்று ஏறியிருந்தால், மகிழ்வதற்கு முன் அந்த மாதத்து வகுப்பு அட்டவணையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.